காசநோயும் அரிசிப் பையும்

உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரின் உடலுக்குள் காசநோய்க் கிருமி குடியிருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருமல் கிடையாது, மாலைக் காய்ச்சல் கிடையாது, எடை குறைவதும் கிடையாது. கிருமி உள்ளே இருப்பதே தெரியாமல் வாழ்ந்து, வயதாகி, வேறு ஏதோ காரணத்தால் இறந்துபோவார்கள். கிருமி தொற்றியவர்களில், வாழ்நாள் முழுவதையும் கணக்கில் எடுத்தாலும், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான் நோயாளி ஆகிறார்கள். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் இந்தக் கிருமியை அடையாளம் காட்டியபோது, காசநோய் எதனால் வருகிறது என்ற பழைய கேள்வி தீர்ந்தது. நூறு பேரில் அந்த ஐந்து, பத்துப் பேர் யார் என்ற கேள்வி தீரவில்லை. இந்தியாவில் 2023-இல் மட்டும் சுமார் 28 லட்சம் பேருக்குக் காசநோய் வந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. உலகத்தின் மொத்த நோயாளிகளில் இது கால் பங்குக்கும் அதிகம். அந்த ஓராண்டில் இங்கே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள். யாருக்கு வருகிறது என்பது நமக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது.

அதற்கான விடையின் ஒரு பகுதி போர்களிலிருந்து கிடைத்தது. மனிதர்களைப் பட்டினி போட்டு ஆராய்ச்சி செய்ய எந்த விஞ்ஞானிக்கும் உரிமை இல்லை. போர் அந்தக் கொடுமையைத் தானே செய்துவிட்டுப் போனது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் வீரர்களும் ரஷ்ய வீரர்களும் ஒரே முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள். கொட்டகை, வேலை, முகாம் கொடுத்த சோறு எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. ஒரே ஒரு வேறுபாடு இருந்தது. பிரிட்டிஷ் கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலங்கள் வந்துகொண்டிருந்தன. நாளொன்றுக்குச் சுமார் 1000 கலோரியும் 30 கிராம் புரதமும் அதில் கூடுதலாகக் கிடைத்தன. ரஷ்யர்களுக்கு அது வரவில்லை. பின்னர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தபோது பிரிட்டிஷ் கைதிகளில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்குத்தான் காசநோய் இருந்தது. ரஷ்யக் கைதிகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும் மேல். லேட்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1946-இல் இந்தக் கணக்கை வெளியிட்டார்.

முதல் உலகப் போரில் டென்மார்க்கில் நடந்தது இன்னும் விசித்திரம். டென்மார்க் போரில் சேரவில்லை. இறைச்சியையும் வெண்ணெயையும் வெளிநாடுகளுக்கு நல்ல விலைக்கு விற்றது. பண்ணைக்காரர்கள் கையில் பணம் புரண்டது. உள்ளூரில் விலை ஏறி, ஏழைகளின் தட்டிலிருந்து இறைச்சியும் பாலும் மறைந்தன. காசநோய் இறப்பு கூடியது. 1917-இல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கடல் வழியை அடைத்ததும் ஏற்றுமதி படுத்துவிட்டது. விற்க முடியாத உணவு நாட்டுக்குள்ளேயே தங்கியது. சுற்றிலும் ஐரோப்பா காசநோயில் மடிந்துகொண்டிருந்தபோது டென்மார்க்கில் அந்த இறப்பு குறையத் தொடங்கியது. அங்கே புதிய மருந்து எதுவும் வரவில்லை. கிருமியும் மாறவில்லை. நாட்டின் உணவு யார் வயிற்றுக்குப் போகிறது என்பது மட்டும் மாறியது.

உடலுக்குள் நடப்பதைப் பார்த்தால் இதில் வியப்பு இருக்காது. காற்றில் வந்து நுரையீரலின் ஆழத்தில் இறங்கும் கிருமியை மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் விழுங்குகின்றன. ஆனால் உடனே கொன்றுவிட முடிவதில்லை. இந்தக் கிருமி தன்னை விழுங்கிய செல்லுக்குள்ளேயே வாழக் கற்றது. அப்போது டி செல்கள் எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்கள் வந்து சேர்கின்றன. எல்லாமாகச் சேர்ந்து கிருமியைச் சுற்றி ஒரு சிறு கட்டியாகத் திரள்கின்றன. கைதியைச் சுற்றி நிற்கும் காவலைப் போல அந்தத் திரள் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். காவலர்களுக்குச் சம்பளமும் சாப்பாடும் நின்றுபோனால் என்ன ஆகும்? புரதமும் கலோரியும் நீண்ட காலம் குறையும்போது டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது. கொழுப்புத் திசு கரைய, அது சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறைகிறது. அது எதிர்ப்பு அணுக்களைச் சுறுசுறுப்பாக வைத்திருக்கும் ஹார்மோன். காவல் தளர்கிறது. பல ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த கிருமி வெளியே வருகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பி.எம்.ஐ. எனப்படும் உடல் எடைக் குறியீடு ஒரு புள்ளி கூடினால் காசநோய் வரும் ஆபத்து ஏறக்குறைய 14 சதவீதம் குறைவது தெரிந்தது. ஒரு புள்ளி என்பது நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு இரண்டரைக் கிலோ எடை.

உணவு மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை. காற்றோட்டமில்லாத ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்தால் கிருமி எளிதில் ஒருவர் மூச்சிலிருந்து இன்னொருவர் மூச்சுக்குப் போகும். கல் குவாரியிலும் கல் உடைக்கும் ஆலையிலும் நுரையீரலில் படியும் சிலிக்காத் தூசி, விழுங்கு செல்களையே முடக்கிவிடும். புகை, குடி, எச்.ஐ.வி., சர்க்கரை நோய் எல்லாம் ஆபத்தைக் கூட்டுகின்றன; சர்க்கரை நோய் இருந்தால் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. இவற்றில் பெரும்பாலானவை ஒரே ஆளிடம், ஒரே வீட்டில் வந்து சேர்வதுதான் கொடுமை. குவாரியில் வேலை செய்பவர்தான் ஒற்றை அறையில் தூங்குகிறார், அவர் தட்டில்தான் பருப்பு குறைவு.

இங்கிலாந்தில் காசநோய் இறப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே தொடர்ந்து இறங்கியது. முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில் வந்தபோது அந்த இறக்கத்தின் பெரும்பகுதி முடிந்தே விட்டது. அதில் உணவின் பங்கு எவ்வளவு, வீட்டு வசதியின் பங்கு எவ்வளவு, நகராட்சிகளின் பங்கு எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். மருந்து வருமுன்பே நோய் பின்வாங்கத் தொடங்கிவிட்டது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

பிறகு உலகம் ஏன் உணவை மறந்தது? இந்தக் கேள்விக்கான பதிலில் சென்னைக்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது.

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடி நடத்திய மையம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையேற்றார். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியம். மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு. தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையமே அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ அதில் மிகச் சிறு பங்கு. சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறு பாதி வீட்டிலேயே இருந்தது. இரு தரப்புக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற அதே இரு மருந்துகள், ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகம் உழைத்தார்கள், நெருக்கியடித்துத் தூங்கினார்கள். ஆண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை.

1959-இல் வெளியான இந்த முடிவு உலக மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. நாடு நாடாகச் சானடோரியங்கள் மூடப்பட்டன. ஏழை நாடுகளிலும் காசநோயைக் குணப்படுத்த முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது சென்னைச் சந்துகளில்தான். அதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்த ஆய்வு சொல்லாத ஒன்றையும் உலகம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது: மருந்து இருந்தால் போதும், சாப்பாடு இரண்டாம் பட்சம். மருந்து உட்கொள்பவரின் சளியிலிருந்து கிருமி மறையுமா என்பதே சேத்துப்பட்டில் கேட்ட கேள்வி. மறையும் என்று பதில் வந்தது. யாருக்கு நோய் வரும் என்பதை அது கேட்கவே இல்லை. வீட்டில் இருந்த நோயாளிகளைத் தேடிப் பணியாளர்கள் வாசலுக்குப் போனதும், மருந்து இலவசமாகக் கிடைத்ததும், முன்னறிவிப்பில்லாமல் சிறுநீரைச் சோதித்து அக்கறையாகக் கண்காணித்ததும் அந்த 86 சதவீதத்தின் பின்னால் இருந்தன. பல நாட்டுத் திட்டங்கள் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த அக்கறையை விட்டுவிட்டன.

கிராமங்களில் வேலை செய்த மருத்துவர்களுக்கு இந்தப் பிழை கண்ணெதிரே தெரிந்தது. சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மக்கள் மருத்துவ அமைப்பில் பணியாற்றிய அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தம்பதியர், எடைத் தராசில் ஏறும் காசநோயாளிகளைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். வளர்ந்த ஆண்கள் 42 கிலோ, பெண்கள் 34 கிலோ. அங்கே எழுந்த கேள்வியை அவர்கள் பின்னர் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். ரேஷன்ஸ் என்று பெயரிட்ட அந்த ஆய்வில் சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. சேத்துப்பட்டில் தொடங்கிய கதையின் அடுத்த அத்தியாயம் என்றே இதைச் சொல்வேன்.

2019 ஆகஸ்ட் முதல் 2021 ஜனவரி வரை 2,800 நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஆண்களின் சராசரி எடை 42.6 கிலோ, பெண்களின் சராசரி 36.1 கிலோ. நூற்றுக்கு 82 பேர் எடை குறைந்தவர்கள். நூற்றுக்குப் பதினேழு பேரின் பி.எம்.ஐ. 14-க்கும் கீழே; அந்த நிலையில் பலருக்கு எழுந்து நிற்பதே கடினம். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் பத்துக் கிலோ உணவுப் பை கிடைத்தது: அரிசி, வறுத்த கொண்டைக்கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய், கூடவே சத்து மாத்திரைகள். ஆய்வின் உண்மையான சோதனை நோயாளியின் குடும்பத்தில் இருந்தது. 10,345 குடும்பத்தினரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவ்ன் போன்ற ஆதிவாசி மக்கள். இவர்கள் வாழ்ந்த பகுதிகளைக் குலுக்கல் போட்டுப் பிரித்து, ஒரு பாதியில் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு முதலியவற்றைக் கொடுத்தார்கள். மறு பாதியில் நோயாளிக்கு மட்டும் உணவு.

நோயாளிக்கு மட்டும் உணவு கொடுத்தால் என்ன நடக்கும் என்று நம் வீட்டுத் தாய்மார்களைக் கேட்டாலே தெரியும். பசியோடு நான்கு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, எந்தத் தாயும் தனக்கென்று வந்த பால் பவுடரைத் தனியாகக் கரைத்துக் குடிக்க மாட்டாள். குடும்பத்துக்கே கொடுத்தது அந்த ஆய்வின் கெட்டிக்காரத்தனம், கருணையும்கூட.

2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் முடிவு வந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் காசநோய் வருவது மொத்தத்தில் 39 சதவீதம் குறைந்திருந்தது. பரிசோதனையில் கிருமி உறுதியான, பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்திருந்தது. கிட்டத்தட்டப் பாதி. ஒரு தடுப்பூசி இந்த அளவுக்குப் பலன் தந்திருந்தால் எல்லா நாளிதழ்களிலும் முதல் பக்கத்தில் வந்திருக்கும். நோயாளிகளிடம் இன்னொன்றும் தெரிந்தது: முதல் இரண்டு மாதங்களில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களிடையே இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ மனிதருக்கு அது வெறும் இரண்டு கிலோ. இந்த 61 சதவீதம் என்ற எண்ணை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். எல்லா நோயாளிகளுக்கும் உணவு கொடுக்கப்பட்டதால் ஒப்பிடக் கொடுக்காத கூட்டம் இல்லை. நோய் முற்றியவர்களுக்கு எடை ஏறாமலும் போயிருக்கலாம். குடும்பத்தாரிடம் கண்ட 39, 48 சதவீதங்கள் அப்படியல்ல. அவை குலுக்கல் முறைச் சோதனையின் விளைவு, உறுதியானவை.

மருந்தை நடுவில் நிறுத்திவிடுபவர்களைப் பற்றியும் பேச வேண்டும். அவர்களைப் பொறுப்பற்றவர்கள், விழிப்புணர்வு இல்லாதவர்கள், மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது நம் மருத்துவ வட்டாரங்களில் எளிதாக வரும் வார்த்தை. 1980-களின் இறுதியில் ஹைதியின் காஞ்ஜ் என்ற மலைக் கிராமப் பகுதியில் பால் ஃபார்மர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். எல்லா நோயாளிகளுக்கும் மருந்து இலவசம். ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக மாதம் சிறு தொகை, சத்துணவு, வீட்டுக்கு வந்து பார்க்கும் உள்ளூர்ப் பணியாளர். அந்தப் பிரிவில் ஒருவர் விடாமல் எல்லோரும் குணமடைந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர்தான் குணமடைந்தார்கள். நோய் சூனியத்தால் வந்தது என்று நம்பியவர்களையும் நம்பாதவர்களையும் ஃபார்மர் தனித்தனியே பார்த்தார். குணமாவதில் அவர்களிடையே வேறுபாடு இல்லை. கையில் காசும் வயிற்றில் சோறும் இருந்ததா என்பதே முடிவு செய்தது.

தமிழ்நாட்டு நோயாளிகளிடம் கேட்டால் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள்: “மாத்திரை சூடு, வெறும் வயித்துல போட முடியல.” மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் மாதக்கணக்கில் செத்திருந்த பசி திரும்பி வரும். பசி வரும்போது வீட்டில் சாப்பாடு இல்லையென்றால், அந்தப் பசியை உண்டாக்கும் மாத்திரையை நிறுத்துவது ஏழைக்கு நியாயமான முடிவாகவே தெரியும். கூலி போய் இரண்டு மாதம் ஆகியிருக்கும். எக்ஸ்ரேக்கும் பஸ்ஸுக்கும் கடன் வாங்கியிருப்பார். அவர் இருமிய அதே அறையில் தூங்கும் பிள்ளைகளின் தட்டிலும் அந்த இரண்டு மாதம் சோறு குறைந்திருக்கும். கிருமி ஏற்கெனவே அவர்களுக்குள் போயிருக்கும்.

பணமாகக் கொடுத்தாலும் பலன் உண்டு என்பதற்குப் பிரேசில் சான்று. போல்சா ஃபமீலியா என்ற அரசு உதவித்தொகை ஏழைக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் போகிறது. அது காசநோய்த் திட்டமே அல்ல. ஐந்து கோடிக்கும் அதிகமானோரின் பதிவுகளை ஆராய்ந்து 2025-இல் வெளியான கட்டுரையில், உதவி பெற்றவர்களிடம் காசநோய் 41 சதவீதம் குறைவாக இருந்தது தெரிந்தது. மிக வறிய குடும்பங்களில் பாதிக்கும் மேல் குறைவு. பழங்குடி மக்களிடம் அதைவிடவும் அதிகக் குறைவு.

இந்திய அரசு 2018 ஏப்ரலில் நிக்ஷய் போஷண் திட்டத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். நல்ல முடிவு. ஆனால் பணம் வங்கிக் கணக்கு வழியே வருகிறது. கணக்கு இல்லாதவர், ஊர் மாறி வேலை செய்பவர், ஆதார் இணைப்பில் சிக்கியவர் பின்தங்கிப் போகிறார். எடை மளமளவென்று ஏற வேண்டிய முதல் இரண்டு மாதங்களில் அந்தப் பணம் வந்து சேர வேண்டும், தாமதமாக வந்தால் அதன் பாதிப் பயன் போய்விடும்.

அந்த முதல் வாரங்கள் எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் சரியாகப் பிடித்தது. காசநோய் இறப்புகளில் பெரும்பாலானவை சிகிச்சை தொடங்கிய இரண்டு மாதங்களுக்குள் நேர்கின்றன. எனவே நோய் கண்டறிந்தவுடனேயே ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர் சில எளிய அளவுகளை எடுக்கிறார்: எடை, உயரம், மூச்சு எண்ணிக்கை, இரத்தத்தில் ஆக்சிஜன், காலில் வீக்கம், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. இதற்கு ஆய்வகம் தேவையில்லை. நிலை மோசமானவர்கள் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே என்பது இங்கே மூச்சுத்திணறலுக்கு இணையான அபாய அறிகுறி. பசியால் இளைத்த உடலை ஓர் அவசர மருத்துவ நிலையாக அரசுத் திட்டம் ஒன்று ஏற்றுக்கொண்டதை நான் மிகப் பெரிய அடியாகக் கருதுகிறேன்.

ஆனால் நோயாளியின் வீட்டார்? ஜார்க்கண்ட் ஆய்வுக்குப் பிறகு மத்திய அரசும் குடும்பத்தாருக்கு உணவுப் பை தர ஒப்புக்கொண்டது. அதைத் தருவது நிக்ஷய் மித்ரா என்ற தன்னார்வ நன்கொடையாளர்களின் பொறுப்பு. கொடையாளர் கிடைத்த ஊரில் பை வரும், கிடைக்காத ஊரில் வராது. பரவும் காசநோயில் கிட்டத்தட்டப் பாதியைத் தடுக்கும் என்று நிரூபணமான ஒரு சிகிச்சையை யாரோ ஒருவரின் தாராள மனத்துக்கு விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காசநோய் மாத்திரையை நாம் நன்கொடையில் வாங்குவதில்லை.

தமிழ்நாட்டில் இதைச் செய்யப் புதிய துறை எதுவும் வேண்டாம். அரிசி அட்டை உள்ள வீடுகளுக்கு இலவசமாக அரிசி போகிறது, துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அதே கடையில் கிடைக்கின்றன. அரிசி வயிற்றை நிரப்பும். டி செல்லுக்கு வேண்டிய புரதம் பருப்பிலும் கடலையிலும் முட்டையிலும் பாலிலும் இருக்கிறது. சிகிச்சை நடக்கும் ஆறு மாதமும் நோயாளி வீட்டு அட்டைக்குத் தலைக்கு இவ்வளவு பருப்பு, கடலை மாவு, பால் பவுடர் என்று உரிமையாகச் சேர்த்துவிடலாம். நோயாளி யார் என்று கடை வரிசையில் யாருக்கும் தெரியாமல் அதைச் செய்யவும் வழி உண்டு. பெண்கள் பலர் இந்த நோயை மறைப்பதற்குப் பெரிய காரணம் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான். ஜார்க்கண்ட் கணக்கின்படி சுமார் 30 குடும்பங்களுக்கு இப்படி உணவு கொடுத்தால் ஒருவருக்குக் காசநோய் வராமல் தடுக்கலாம். அந்த ஒருவர் பெரும்பாலும், நோயாளியின் பக்கத்தில் படுத்துத் தூங்கும் பிள்ளையாகவோ மனைவியாகவோ இருப்பார்.